பாட்டாவின் வெற்றிலைச் செல்லத்தில் கிடைத்த பறவைக் கால்வளையம்: யாரிடம் தெரிவிப்பது?

கேள்வி – தேரூர்க் கரை

அனைவருக்கும் வணக்கம். பழைய வீட்டின் ஓடுகளை மாற்றுவதற்காகச் சென்ற மாதம் சாமான்கள் வைக்கும் அரங்கைக் காலி செய்தபோது, எங்கள் பாட்டாவின் பித்தளை வெற்றிலைச் செல்லத்துக்குள் வெண்ணிற உலோக வளையம் ஒன்று கிடைத்தது. அது மோதிரத்தைப் போல முழுவதும் மூடியதாக இல்லை. மெல்லிய பட்டையை வளைத்து, இரண்டு முனைகளும் ஒன்றையொன்று முட்டும்படி செய்திருக்கிறார்கள். ஒரு முனை சற்றே வெளியே நெம்பப்பட்டிருக்கிறது. கத்தி நுனியின் கீறலும் தெரிகிறது. ஒரு பக்கம் சுண்ணாம்பு படிந்து, உலோகம் அரித்துப் போயிருக்கிறது. மறுபக்கத்தில் கே, டபிள்யூ, ஏ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும், அவற்றுக்குக் கீழே சில எண்களும் மங்கலாகத் தெரிகின்றன.

அப்பாவிடம் காட்டியவுடன் அடையாளம் கண்டுகொண்டார். பாட்டாவிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்ததாம். கும்பப்பூ நெல் முற்றி நிற்கும் நாட்களில், பொழுது சாய்ந்ததும் குளத்திலிருந்து வயல்பற்றுக்கு மேயப் பறந்து வரும் தாராக்களை (காட்டு வாத்துகளை) வரப்பில் காத்திருந்து சுடுவாராம். அவற்றில் ஒன்றின் காலில்தான் இந்த வளையம் இருந்தது என்கிறார் அப்பா. எந்த ஆண்டு என்று கேட்டால், தனுஷ்கோடியைக் கடல் கொண்டு போனதற்கு அடுத்த தை மாதம் என்பதைத் தவிர வேறு கணக்கு அவரிடம் இல்லை. அப்போது அவருக்கு ஒன்பது வயது.

இந்த எழுத்துகளின் பொருள் என்ன? இத்தனை ஆண்டுகள் கழித்துத் தெரிவித்தால் யாருக்காவது பயன் உண்டா? உண்டென்றால் யாருக்கு எழுத வேண்டும்? வனத்துறைக்குத் தெரிந்தால் வேட்டை வழக்கு வரும், ஆகவே பேசாமல் குளத்திலேயே எறிந்துவிடு என்கிறார் சித்தப்பா. அமெரிக்காவில் இருக்கும் அத்தான், அங்கே இப்படிப்பட்ட வளையங்களைக் காசு கொடுத்து வாங்குவோர் இருக்கிறார்கள் என்கிறார். இரண்டுக்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை.


பதில் 1 – மணக்குடிக் காயல்

தயவு செய்து எறிந்துவிட வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்துப் பறவைக் கணக்கெடுப்புகளில் பல ஆண்டுகளாகக் கலந்துகொள்பவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் கையில் இருப்பது நல்ல பொருள்.

நீங்கள் படித்த மூன்று எழுத்துகளும் பெரும்பாலும் மாஸ்கோ என்ற பெயரின் கடைசிப் பகுதியாக இருக்க வேண்டும். சோவியத் நாட்டில், பறவைகள் எங்கே போகின்றன என்பதை அறிய அவற்றுக்கு இட்ட வளையங்களில் அந்த ஊர்ப் பெயரை எம், ஓ, எஸ், கே, டபிள்யூ, ஏ என்று பொறிப்பது வழக்கம்; அதனுடன் ஒரு தொடர் எழுத்தும் எண்ணும் இருக்கும். நம் நாட்டில் இட்டதாக இருந்தால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்குமாறு ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். நம் குளங்களுக்குக் குளிர்காலத்தில் வரும் நீலச்சிறகி என்ற சிறிய வாத்து, ஊசிவால் வாத்து ஆகிய இரண்டும் மேற்கு சைபீரியா, கசகஸ்தான் பக்கத்துச் சதுப்பு நிலங்களில் முட்டையிடுபவை என்பதால், அங்கே இட்ட வளையம் தேரூர் வயலில் விழுந்தது நடக்கக் கூடியதே. எதிர்த்திசையிலும் இப்படி நடந்திருக்கிறது. ராஜஸ்தானின் பரத்பூரில் வளையமிட்டு விட்ட வாத்துகளைச் சோவியத் வேட்டைக்காரர்கள் சுட்டு, வளையத்தில் இருந்த முகவரிக்கு எழுதிய கடிதங்கள்தாம் அவை கோடையில் எங்கே போகின்றன என்பதைப் பம்பாய்க்காரர்களுக்குக் காட்டின.

அரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த வளையங்கள் அலுமினியத்தால் ஆனவை. ஈரச் சுண்ணாம்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். சைபீரியக் குளிரையும் இமயத்துக் காற்றையும் தாங்கி வந்த எழுத்தை நம் வெற்றிலைச் சுண்ணாம்பு அழித்திருக்கிறது. எனவே புளி, சாம்பல், எலுமிச்சை என்று எதைக் கொண்டும் தேய்க்காதீர்கள். மென்தூரிகையால் தூசியை மட்டும் தட்டிவிட்டு, மெல்லிய தாளை வளையத்தின் மீது சுற்றி, மென்மையான பென்சிலைச் சாய்த்து வைத்து உரசுங்கள். கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் தாளில் வெள்ளைக் கோடுகளாக எழும். பிறகு இருட்டறையில் வைத்து, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் தாழ்வாக அடித்துக் கைப்பேசியில் படமெடுங்கள். வளையத்தை நேராக நிமிர்த்த முயல வேண்டாம். பழைய அலுமினியம் முறிந்துவிடும். உள்விட்டத்தை அளந்து எழுதுங்கள். சிறகியின் காலுக்கும் பெருவாத்தின் காலுக்கும் ஒரே அளவு வளையம் போடுவதில்லை என்பதால், எது என்று அறிய அந்த அளவும் துணை செய்யும்.

எண் மட்டும் போதாது. எந்தப் பறவைக்கு, எந்த ஊரில், எந்த நாளில் இந்த வளையத்தை இட்டார்கள் என்பது மாஸ்கோப் பதிவேட்டில் இருக்கும். எந்த ஊரில், எந்த நாளில் அது கிடைத்தது என்பது உங்கள் அப்பாவின் நினைவில் மட்டுமே இருக்கிறது. தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில் அடித்தது; அதற்கடுத்த தை என்றால் 1965 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. ஒரு மாதத்துக்குள் சுருங்கிவிட்ட இந்தத் தேதி, நான் பார்த்த சில எழுத்துப் பதிவுகளைவிடத் தெளிவானது. 'தோராயமானது' என்று குறித்து அப்படியே எழுதலாம்.

அப்பாவிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: அந்தத் தாராவின் கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம் போல் பட்டை இருந்ததா, அல்லது வால் ஊசியாக நீண்டிருந்ததா? நினைவில்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். நாமாக ஒரு பெயரைப் போட வேண்டாம்.


பதில் 2 – ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், நாகர்கோவில்

சித்தப்பாவின் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். சட்டத்தைப் படித்தவன் என்ற அளவில் எழுதுகிறேன். இன்று நடைமுறையில் உள்ள வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. உங்கள் பாட்டா சுட்டது அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னர். அந்தச் சட்டமும்கூடத் தொடக்கத்தில் சில விலங்கு, பறவைகளை உரிமம் பெற்று வேட்டையாட இடம் கொடுத்தது. 1991ஆம் ஆண்டின் திருத்தம்தான் அந்த வழியை முற்றிலும் அடைத்தது. கையில் இருப்பது பறவையின் இறகோ எலும்போ தோலோ அன்று, மனிதர்கள் செய்து மாட்டிய உலோகத் துண்டு. பரணில் மான்கொம்போ பாடம் செய்த பறவையோ இருந்தால் அது வேறு கதை. அதற்கு உரிமைச் சான்று தொடர்பான விதிகள் இருக்கின்றன, வனத்துறையிடம் நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்று நிலைமை வேறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுசீந்திரம், தேரூர், மணக்குடி நீர்நிலைகள் 2015இல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகமும் வேம்பனூர் ஈரநில வளாகமும் 2022இல் ராம்சார் தளங்கள், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள் என்ற பட்டியலில் சேர்ந்தவை, ஆயின. சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடுக்கிறது; வேட்டை என்ற சொல்லுக்குள் கண்ணி வைப்பதும், வலை விரிப்பதும், முட்டை எடுப்பதும், அவற்றுக்கு முயல்வதும் அடங்கும்.

உங்கள் வளையத்தின் காலத்தைப் பற்றி ஓர் ஆசிரியனுக்கே உரிய ஆசையில் சிறிது நீட்டி எழுதுகிறேன். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன; அந்தப் பகுதி மக்களுக்கும் கடும் காய்ச்சல் கண்டது. நோய்க்கிருமியைப் பிரித்துப் பார்த்தபோது, அது ரஷ்யாவில் உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சல் கிருமிக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்தது. அப்படியானால் வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வருகின்றனவா என்ற ஐயம் எழுந்தது. அதை ஆராய உலக சுகாதார நிறுவனம் துணை நின்றதால்தான், பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் தலைமையில் பம்பாய்க் கழகம் பறவைகளுக்கு வளையமிடும் வேலையைப் பேரளவில் தொடங்கியது. பறவைகள்தாம் அந்நோயைக் கொண்டுவந்தன என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஐயத்தின் புண்ணியத்தில் நம் நாட்டு வலசைப் பறவைகளின் வழித்தடங்கள் பல தெரியவந்தன. பறவைகளைக் காயமின்றிப் பிடிப்பதற்கு, பீகாரில் பரம்பரையாகப் பறவை பிடித்து வந்த மிர்ஷிகார் மரபினரின் கைத்திறனைத்தான் கழகம் நாடியது. பிடித்து விற்ற கைகளே பிடித்து வளையமிட்டு விட்டன. நம் பக்கத்தில் கோடியக்கரை அந்தப் பணிக்குப் பெயர் பெற்ற இடம்.

ஆகவே மும்பையில் உள்ள கழகத்துக்கு எழுதுங்கள். வெளிநாட்டு வளையம் என்றாலும், உரிய மையத்துக்கு அனுப்பி விடை பெற்றுத் தருவது அவர்களுக்குப் பழகிய வேலை.


பதில் 3 – வடசேரியிலிருந்து மினசோட்டா

உங்கள் அத்தான் சொல்வது பொய்யன்று. நான் வேட்டைக்காரன் அல்லன். உடன் பணிபுரியும் ஒருவருடன் இரண்டு இலையுதிர்காலங்களில் ஏரிக்கரைப் புதரில் விடியலுக்கு முன் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். வாத்தைப் போலக் குரலெழுப்பும் மரக்குழலை ஒரு நாணில் கோத்து அவர் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அதே நாணில் ஏழு அலுமினிய வளையங்கள். ஒவ்வொன்றையும் தொட்டு, இது எந்த ஆண்டு, எந்த ஏரி, வளையமிட்ட இடம் எது என்று ஒப்பிப்பார். நம் ஊரில் காவடி எடுத்த ஆண்டுகளைச் சொல்வது போல.

அவர் இப்படி ஒப்பிக்க முடிவதற்குக் காரணம் அந்த ஏழு வளையங்களையும் அவர் தெரிவித்திருக்கிறார் என்பதே. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1920இல் தொடங்கிய வளையப் பதிவு ஆய்வகம் மேரிலாந்து மாநிலத்தில் இயங்குகிறது. வளையத்தில் உள்ள எண்ணை அவர்களுடைய வலைத்தளத்தில் பதிந்தால், பறவையின் இனம், வயது, வளையமிட்ட நாள், இடம் ஆகியவற்றுடன் நன்றிச் சான்றிதழ் ஒன்று வரும். பறவையைச் சுட்டவரே வளையத்தை வைத்துக்கொள்ளலாம். தேய்ந்த வளையங்களை அனுப்பினால் அமிலத்தால் எழுத்தை எழுப்பிப் படித்துத் தருவதும் உண்டு. உங்களுக்கு வேறு வழி இல்லாதபோது மட்டும் அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன், வீட்டில் முயல வேண்டாம்.

இந்தக் கணக்கால் அங்கே என்ன பயன் என்று நானும் கேட்டேன். ஆயிரம் வாத்துகளுக்கு வளையம் இட்டு, அந்தப் பருவத்தில் எத்தனை வளையங்கள் வேட்டைக்காரர்களிடமிருந்து திரும்புகின்றன என்று பார்த்தால், மொத்தத்தில் எத்தனை பங்கு சுடப்படுகிறது என்று கணிக்கலாம். அதை வைத்துத்தான் அடுத்த பருவம் எத்தனை நாள், ஒருவர் ஒரு நாளில் எத்தனை சுடலாம் என்று வரையறுக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், வளையம் கிடைத்தும் சொல்லாதவர்கள் எத்தனை பேர் என்பது தெரிந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். அதற்காகச் சில வளையங்களில் பரிசுத் தொகையைப் பொறித்து விட்டார்கள். பணம் என்றதும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள் அல்லவா, அதனோடு ஒப்பிட்டுச் சாதாரண வளையங்களில் சொல்லாமல் விடப்பட்டவற்றைக் கணித்தார்கள். முகவரிக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்த காலத்தில் மூன்றில் ஒரு பங்கு வளையங்களே தெரிவிக்கப்பட்டன. 1990களின் நடுவில் வளையத்திலேயே கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைப் பொறித்த பிறகு அது இரட்டிப்புக்கும் மேலானது. உங்கள் பாட்டா கடிதம் எழுதவில்லை என்று வருந்த வேண்டாம். அமெரிக்கர்களிலேயே மூவரில் இருவர் எழுதவில்லை.

விற்பதைப் பற்றி: வலையில் விற்பனைக்கு வரும் பழைய வளையங்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எந்த ஏரி, எந்த நாள் என்பது எதுவும் இல்லாமல் வெறும் எண்ணாக வரும். என் நண்பர் அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. தான் சுடாத பறவையின் வளையத்தை நாணில் கோப்பது பொய் மீசை ஒட்டுவது போல என்பார்.


பதில் 4 – புத்தளம் உப்பளம்

எல்லோரும் ஆர்வத்துடன் எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் இதைப் படிக்கும் இளைஞர் யாராவது வளையம் கிடைக்கும் என்று பறவையைப் பிடிக்கக் கிளம்பிவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு இருக்கிறது. சென்ற ஆண்டு உப்பளப் பாத்தி ஒன்றின் வரப்பில், குச்சியில் கட்டிய நைலான் நரம்புக் கண்ணிகள் வரிசையாக நட்டிருந்ததைக் கண்டு, நானே பத்துப் பன்னிரண்டைப் பிடுங்கி எறிந்தேன். அவற்றில் ஒன்றில் கால் சிக்கி இறந்து கிடந்தது ஒரு கொசு உள்ளான்; உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. மினசோட்டா நண்பர் சொல்லும் முறை அந்த நாட்டுச் சட்டத்துக்கும் அங்குள்ள வாத்துகளின் எண்ணிக்கைக்கும் உரியது. இங்கே வளையத்தைக் கண்டடைவதற்குத் துப்பாக்கி தேவையே இல்லை, கேமரா போதும்.

உயிருள்ள பறவையின் காலில் வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால் செய்ய வேண்டியது இதுதான்: துரத்தாமல் நின்று, இரண்டு கால்களும் தெரியும்படி படமெடுக்க வேண்டும். கொடி வலக்காலிலா இடக்காலிலா, முழங்காலுக்கு மேலா கீழா, எந்த நிறம் மேலே எந்த நிறம் கீழே என்பதெல்லாம் முக்கியம், ஏனெனில் எந்த நாட்டில் இட்டது என்பதை அந்த நிற வரிசையே சொல்லிவிடும். மங்கோலியாவில் கழுத்துப் பட்டை இடப்பட்ட வரித்தலை வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் தொலைநோக்கியால் படித்தே அடையாளம் கண்டார்கள். ஒன்றின் இறகுக்கும் கேடு வரவில்லை.


தேரூர்க் கரை (கேள்வி கேட்டவர்)

நால்வருக்கும் நன்றி. புத்தளம் அண்ணன் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன்.

நேற்று மாலை அப்பாவை அருகில் உட்கார வைத்துக்கொண்டு பென்சிலால் உரசிப் பார்த்தோம். முதல் மூன்று எழுத்துகளும் எழுந்துவிட்டன. மாஸ்கோ என்பது உறுதி. அதன்கீழ் ஒரு தொடர் எழுத்தும் ஆறு இலக்கங்களும் இருக்கின்றன. ஐந்து இலக்கங்கள் தெளிவு. நான்காவது மட்டும் சுண்ணாம்பு தின்ற இடத்தில் இருப்பதால் மூன்றா எட்டா என்று சொல்ல முடியவில்லை. இரண்டையும் எழுதி, உரசிய தாளையும் படங்களையும் உள்விட்ட அளவையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

அந்த எழுத்துகளைப் பார்த்தவுடன், அதுவரை சொல்லாத ஒன்றை அப்பா சொன்னார். பாட்டாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மறுநாள் காலையில் வளையத்தைத் தபால்காரரிடம் காட்டியிருக்கிறார். அவர் எழுத்துக் கூட்டிப் படித்து, இது ரஷ்யாக்காரனுடையது என்று சொல்ல, தேநீர்க் கடையில் இருந்த ஒருவர் இது உளவு பார்க்கும் கருவியாக இருக்கலாம், போலீசு வந்தால் துப்பாக்கி உரிமம் போய்விடும் என்று கிளப்பிவிட்டார். அன்று செல்லத்துக்குள் போன வளையம்தான் இது. சித்தப்பாவின் அச்சம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிகிறது.

பறவையைப் பற்றிக் கேட்டேன். வெள்ளைப் புருவம் இருந்ததா என்பது நினைவில்லை, வால் நீளமில்லை என்பது மட்டும் உறுதி என்கிறார். ஆகவே இனம் என்ற இடத்தில் 'சிறிய வாத்து, பெயர் உறுதியில்லை' என்று எழுதினேன். பறவை எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கு மட்டும் சற்றுத் தயங்கினேன். 'இறந்து கிடந்தது' என்று எழுதிவிடலாமா?


மணக்குடிக் காயல்

எழுத வேண்டாம். சுடப்பட்டது என்றால் சுடப்பட்டது என்றே எழுதுங்கள். தானாக இறந்த பறவைக்கும் சுடப்பட்ட பறவைக்கும் ஆயுள் கணக்கில் வேறு வேறு இடம் உண்டு. அந்த ஒரு சொல்லை மாற்றினால் மற்ற விவரங்கள் எல்லாம் சரியாக இருந்தும் பதிவு பிழையாகிவிடும்.


தேரூர்க் கரை

அப்படியே திருத்தி, இன்று காலையில் மறுபடியும் அனுப்பிவிட்டேன். அப்பா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, 'சுடப்பட்டது' என்பதற்குப் பக்கத்தில் 'மாலை வெளிச்சம் இருந்தபோது, பறவை வடக்கிலிருந்து தெற்காகப் பறந்துகொண்டிருந்தபோது' என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்திருக்கிறேன். வளையத்தைச் செல்லத்திலிருந்து எடுத்து, பஞ்சு வைத்த மாத்திரை டப்பாவுக்கு மாற்றியாயிற்று. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.